பழைய மூங்கில் பரிசல்: வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

ஒகேனக்கல், ஊட்டமலைப் பக்கம் பழைய மூங்கில் பரிசல்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. மேட்டூர் அணையின் பின்நீரில் வலை போடுகிறவர் வாங்குகிறார், பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கிறவர் வாங்குகிறார், தோட்டத்து வீட்டு முற்றத்தில் அழகுக்கு வைக்க ஆசைப்படுகிறவரும் வாங்குகிறார். மூன்று பேரிடமும் சொல்லப்படுவது ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான்: "ஒரு வருசந்தாங்க ஓடுச்சு, போன மாசந்தான் தார் அடிச்சது."

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தேங்கிய நீரில் மீன்பிடிக்க ஓடிய, இரண்டு உறைக்கு (சாக்கு ஒட்டித் தார் பூசிய வெளிப்போர்வை) மேல் போடாத பழைய பரிசலைத் தாராளமாக வாங்கலாம். அருவிப் பக்கம் சுற்றுலாவுக்கு ஓடி ஓய்ந்ததை முற்றத்துக்கு வாங்கலாம், தண்ணீருக்கு வேண்டாம். எது எந்த வகை என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

இங்கிலாந்தில் குடும்பங்கள் குடியிருந்த கால்வாய்ச் சரக்குப் படகுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1877-இல் சட்டம் வந்தது. அதனால் அங்கே ஒரு பழைய படகின் பூர்வீகத்தைத் தேடுகிறவருக்குப் புரட்டிப் பார்க்க ஒரு பதிவேடாவது இருக்கிறது. பரிசலுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. எந்த ஆண்டு முடைந்தது, எந்தத் துறையில் ஓடியது, எத்தனை முறை தார் கண்டது என்பதெல்லாம் அதன் உடம்பில்தான் பதிந்திருக்கும். பார்க்கத் தெரிந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

முதலில் "எங்க தாத்தா காலத்துப் பரிசல்" என்ற பேச்சை ஒதுக்கி வையுங்கள். மருந்து ஏற்றாத மூங்கில் மண்ணிலும் ஈரத்திலும் கிடந்தால் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுதான் தாங்கும். கூரைக்கு அடியில் காய்ந்து இருந்தால் நான்கிலிருந்து ஏழு ஆண்டு. தினமும் நனைந்து காயும் பரிசல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பழமையானது பரிசல் முடையும் தொழில்தான். விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியர் தொமிங்கோ பயஸ் 16-ஆம் நூற்றாண்டிலேயே துங்கபத்திரையில் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்: கூடைபோல வட்டமான படகு, உள்ளே பிரம்பு, வெளியே தோல், பதினைந்து இருபது பேர் ஏறலாம், சுழன்று சுழன்றுதான் போகும். 1803-இல் ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லியின் படை கோதாவரியைக் கடந்ததும் மாட்டுத்தோல் போர்த்திய கூடைப் படகுகளில்தான். கன்னடத்தில் இதற்கு ஹரிகோலு என்று பெயர். பகரம் ஹகரமானதை வைத்துப் பார்த்தால் பரிசலும் ஹரிகோலும் ஒரே வீட்டுச் சொற்கள்.

தோல் போய் உரச்சாக்கு வந்ததற்குக் காரணம் எளிது. தோலை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். சாக்குக்கு அந்தப் பாடு இல்லை, சல்லிசாகவும் கிடைக்கும். இன்று விலைக்கு வருவதெல்லாம் சாக்கும் தாரும் போட்டதுதான். வயதைக் கண்டுபிடிக்க நமக்கு உதவுவதும் அந்தச் சாக்குதான்.

பரிசலை நிமிர்த்தி வைத்து உள்ளே குனிந்து பாருங்கள். பிளாச்சுகளின் (பிளந்த மூங்கில் பட்டைகளின்) இடுக்கு வழியாகச் சாக்கின் உட்புறம் தெரியும். அச்சு மேலே தெரிவதுபோல் ஒட்டியிருந்தால் எழுத்தைப் படிக்கலாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். தயாரித்த மாதமும் ஆண்டும் தெரிந்தால் வேலை முடிந்தது. தெரியாவிட்டாலும் மற்ற அடையாளங்கள் உண்டு. யூரியா மூட்டை 2018 மார்ச்சில்தான் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. ஆகவே 45 என்று அச்சிட்ட யூரியா சாக்கு உள்ள உறை அதற்கு முன்னால் போட்டதாக இருக்க முடியாது. இது யூரியாவுக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு. டி.ஏ.பி. உர மூட்டை இன்றும் 50 கிலோதான். மானிய உரங்களுக்கான 'பாரத்' என்ற பொதுப்பெயர் பெரிதாக அச்சிட்டிருந்தால் அது 2022 அக்டோபருக்குப் பிந்தியது. அரிசிப் பை ஒட்டியிருந்தால் எடையைப் பாருங்கள். 25 கிலோ வரையிலான பைக்கு 2022 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு ஆலைக்காரர்கள் 26 கிலோ பைக்கு மாறினார்கள். 26 என்ற எண்ணே ஒரு தேதி முத்திரை. ஃபிளெக்ஸ் பேனர் ஒட்டியிருந்தால் இன்னும் சுலபம். கல்யாணத் தேதியோ திருவிழாத் தேதியோ அதிலேயே இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாக்கு சொல்வது "இதற்கு முன்னால் இல்லை" என்பதை மட்டும்தான். 2019 சாக்கு வீட்டுப் பரணில் நான்கு ஆண்டு கிடந்துவிட்டு 2023-இல் பரிசலுக்கு ஏறியிருக்கலாம். உறையின் வயது வேறு, உள்ளிருக்கும் மூங்கில் கூட்டின் வயது வேறு என்பதும் நினைவில் இருக்கட்டும். பழைய கூட்டுக்குப் புது உறை மாட்டி விற்பதுதான் பெரும்பாலும் நடப்பது. ஆகவே உள்ளே ஒரு சாக்கு, மேல் அடுக்கில் இன்னொரு சாக்கு என்று இரண்டையும் படித்தால்தான் கணக்கு நேராகும்.

அடுக்கை எண்ண விளிம்புக்குக் கீழே, தண்ணீர் தொடாத உயரத்தில், விற்பவரிடம் கேட்டுவிட்டு ஒரு விரல் அகலத்துக்குக் கத்தியால் சாய்வாகச் சீவுங்கள். வெங்காயத் தோல்போல வரிசையாக வரும்: தார், சாக்கு, தார், மறுபடி சாக்கு. மேல் தார் பளபளவென்று கன்னங்கரேலென்று இருக்கும். உள்தார் சாம்பல் பூத்து, நகத்தால் கீறினால் பொடியும். இரண்டு தாருக்கு நடுவில் மணல் துகள் ஒட்டியிருந்தால், முந்தின உறையைக் கழுவாமலே மேலே பூசியிருக்கிறார்கள். அந்த இடத்தில்தான் அடுத்த கோடையில் உரியும்.

அடுக்கு கூடினால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏழடி விட்டமுள்ள பரிசலின் அடியும் பக்கமும் சேர்த்து வெளிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். அதில் 2 மில்லிமீட்டர் கனத்துக்குத் தார் பூசினால் 12 லிட்டர், ஏறக்குறைய 12 கிலோ. நான்கு பூச்சு என்றால் ஐம்பது கிலோ. ஓர் ஆள் ஏற வேண்டிய இடத்தைத் தாரே பிடித்துக்கொள்கிறது. ஒகேனக்கலில் ஓட்டுநர் ஒருவரே பரிசலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு பாறைமேல் நடப்பது அன்றாடக் காட்சி. நல்ல பரிசலின் எடை அந்த அளவுக்குள்தான் இருக்கும். நீங்கள் பார்க்கும் பரிசலைத் திருப்ப மூன்று பேர் மூச்சு வாங்க வேண்டியிருந்தால், ஒன்று தார் கூடிவிட்டது, அல்லது மூங்கில் தண்ணீர் குடித்துவிட்டது. இரண்டாவது மோசம்.

அடுத்து, எங்கே ஓடியது என்பது. கவிழ்த்துப் போட்டு வெயில் சாய்ந்த நேரத்தில் பாருங்கள், தேய்மானம் அப்போது எடுப்பாகத் தெரியும். பாறைத் துறையில் இழுபட்ட பரிசலுக்கு அடிமையத்தில் நீளநீளமாகக் கீறல், அதன்மேல் கைப்பிடி அளவுக்கு ஒட்டுத் தார்கள். தேங்கிய நீரில் கிடந்ததற்குக் கீறல் குறைவு. பதிலாக நீர்மட்டத்தில் சுற்றிலும் பாசிக் கோடு காய்ந்து நிற்கும். மீன்பிடிப் பரிசலில் வலை இழுத்த பக்கத்து விளிம்பு மட்டும் வழவழவென்று தேய்ந்து, கட்டு இடுக்கில் நைலான் நூல் துணுக்கு சிக்கியிருக்கும். பைக் ஏற்றிக் கரை கடத்தியதாக இருந்தால் உள்ளே ஸ்டாண்டு ஊன்றிய இடத்தில் பிளாச்சு நசுங்கிக் குழிந்திருக்கும். இந்த நசுங்கல் இருந்தால் விலை பேசாமலே திரும்பிவிடலாம். ஒரே புள்ளியில் பாரம் இறங்கி, அடியின் குறுக்குப் பிளாச்சுகள் உள்ளுக்குள் நாரு நாராகக் கிழிந்திருக்கும். மேலே தார் மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

மூங்கில் கூட்டைப் பார்க்கும்போது தார்ப் பக்கத்தை மறந்துவிட்டு உள்பக்கத்தில் கவனம் வையுங்கள். உளுத்த மூங்கிலில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருக்கும். தட்டினால் மைதா மாதிரி மாவு கொட்டும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்துக்குத்தான் அந்த வண்டு வருகிறது. அதனால்தான் வெட்டிய மூங்கிலை ஓடும் நீரில் ஊறப்போட்டுச் சத்தைக் கரைத்த பிறகு பிளக்க வேண்டும் என்பார்கள். அவசரத்துக்குப் பச்சையாக முடைந்தது முதலில் உளுக்கும். நிறமும் வயதைக் காட்டும்: புதியது பச்சை கலந்த மஞ்சள், பிறகு வைக்கோல் நிறம், பிறகு சாம்பல். சாம்பல் நிறக் கூட்டில் நடுநடுவே வைக்கோல் நிறப் பிளாச்சுகள் தெரிந்தால் பிற்பாடு மாற்றியவை. ஐந்தாறு இருந்தால் பரவாயில்லை. அடியின் நடுப்பகுதியே மாறியிருந்தால் அந்தப் பரிசல் ஒருமுறை பாறையில் உட்கார்ந்து எழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு, அடியில் முழங்காலை ஊன்றி மெல்ல அழுத்துங்கள். நல்ல மூங்கில் கொடுத்து மீளும், சத்தம் "கிர்ர்" என்று பின்னலிலிருந்து வரும். "டப்" என்று ஒற்றையாகக் கேட்டால் பிளாச்சு ஒடிகிறது.

விளிம்புதான் பரிசலின் முதுகெலும்பு. மூங்கில் பத்தைகளை வளையமாகச் சேர்த்துக் கட்டிய அந்த வட்டம் ஓரிடத்தில் விட்டுப்போனாலும் பரிசல் நீள்வட்டமாகிவிடும். விட்டத்தை மூன்று திசையில் டேப் வைத்து அளந்து பாருங்கள். மூன்றும் இரண்டு அங்குலத்துக்குள் ஒத்துப்போனால் சரி. அதற்கு மேல் போனால் துடுப்பு எவ்வளவு போட்டாலும் ஒரே பக்கமாக இழுக்கும். கட்டுக்கம்பியால் கட்டிய விளிம்பில் துருக்கறை கீழே வழிந்திருக்கும். கம்பியை விரலால் அழுத்தி நொறுங்குகிறதா என்று பாருங்கள். நைலான் கயிறு வெயிலில் வெளுத்துத் தூள் விட்டால் அதையும் மாற்ற வேண்டும். விளிம்புக் கட்டு மாற்றுவது ஒரு நாள் வேலைதான், அதற்காக நல்ல கூட்டை விட்டுவிட வேண்டாம்.

கேட்க வேண்டிய ஆட்களும் உண்டு. விற்பவரிடம் "இது எந்தத் துறையில ஓடுச்சுங்க? கடைசியா தார் அடிச்சது யாருங்க?" என்று இரண்டு கேள்வி போதும். தார் அடித்தவரைப் பார்த்தால் பழைய ஓட்டை எங்கெங்கே என்று அவருக்குத் தெரியும். முடைந்தவரைப் பிடிக்க முடிந்தால் அதுதான் மூலம். ஒவ்வொரு கைக்கும் விளிம்புக் கட்டில் ஒரு முடிச்சுப் பழக்கம் இருக்கும், தன் பரிசலைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடுவார்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: வெள்ளத்தில் வந்ததா? 2018, 2019, 2022, 2024 ஆண்டுகளில் ஒகேனக்கலில் நீர்வரத்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் அடித்துப்போகிற பரிசல் பின்நீரில் ஒதுங்கினால் அதற்கு ஒரு சொந்தக்காரர் எங்கோ இருப்பார். பக்கத்தில் எண்ணோ பெயரோ எழுதியிருந்த இடத்தில் புதிதாகத் தார் பூசியிருந்தால் விலகிவிடுங்கள். சல்லிசு விலைக்கு ஆசைப்பட்டு ஒரு குடும்பத்தின் பிழைப்பை வாங்கிக்கொண்டு வரக் கூடாது.

இவ்வளவும் தேறினால் தண்ணீர்ச் சோதனை. பலரும் செய்யும் தவறு, நேராக ஆற்றில் இறக்குவது. முதலில் பரிசலைச் செங்கல்மேல் நிமிர்த்தி வைத்து உள்ளே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி கழித்துக் கீழே எங்கெங்கே கசிகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஆற்றில் மிதக்கவிட்டுத் தேடினால் உள்ளே ஈரம் பரவிவிடும், ஓட்டை எதுவென்று தெரியாது. நான்கைந்து வட்டம் இயல்பு. பதினைந்துக்கு மேல் போனால் ஒட்டுப் போட்டுப் பயனில்லை, உறையையே மாற்ற வேண்டும்.

அடுத்து குட்டையில், இடுப்பளவு தண்ணீரில், மணல் மூட்டை ஏற்றிப் பாருங்கள். ஆறடி விட்டமுள்ள தட்டையான அடி ஒரு சென்டிமீட்டர் அமிழ 26 கிலோ வேண்டும், ஏழடிக்கு 36 கிலோ. ஏழடிப் பரிசலில் 50 கிலோ மூட்டை ஐந்து வைத்தால் தட்டையான அடிக்கு ஏழு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ வேண்டும். பரிசலின் அடி கிண்ணம்போல வளைந்திருப்பதால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அதிகம் இறங்கலாம். பன்னிரண்டு, பதினைந்து என்று இறங்கினால் அடி உள்வாங்குகிறது, கூடு தளர்ந்துவிட்டது. முழுப் பாரத்தோடும் நீர்மட்டத்துக்கு மேல் விளிம்பு ஓரடியாவது நிற்க வேண்டும். மூட்டைகளை ஒரு பக்கமாக நகர்த்தியும் பாருங்கள். ஆள் எழுந்து நின்றால் எவ்வளவு சாயும் என்று அப்போதுதான் புரியும். பரிசல் கவிழ்வது பெரும்பாலும் ஓட்டையால் அல்ல, ஏறியவர்கள் ஒரே பக்கம் சாய்ந்து எழுவதால்.

மறு உறை போடும் செலவையும் விலைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு உரச்சாக்கைத் தையல் பிரித்து விரித்தால் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். மேல்மடிப்பு சேர்த்து ஏழடிப் பரிசலுக்கு எட்டிலிருந்து பத்து சாக்கு, பன்னிரண்டு கிலோ தார், விறகு, இரண்டு ஆள் கூலி. சாக்கைக் கழுவிக் காயவைக்காமல் ஒட்டினால் உரத்தின் உப்பு தாரைப் பிடிக்க விடாது. வேலையில் கெட்டுப்போகும் இடம் சூடு. இந்தச் சாக்குகளில் ஒரு வகை 130 டிகிரியிலும் இன்னொரு வகை 160 டிகிரியிலும் உருகும். கொதிக்கக் கொதிக்கத் தாரை ஊற்றினால் சாக்கு சுருங்கி ஓட்டை விழும். அந்த ஓட்டையைத் தாரே மூடிவிடுவதால் அன்றைக்குத் தெரியாது, பத்து நாளில் தெரியும். தார் உருகிய பிறகு அடுப்பிலிருந்து இறக்கி, குச்சியில் எடுத்தால் தேன்போல நூல் விடும் பதத்துக்கு ஆறவிட்டுப் பூச வேண்டும். பாத்திரத்தில் ஈரம் இருந்தால் தார் பால்போலப் பொங்கி வழிந்து தீப்பிடிக்கும். பக்கத்தில் மணல் வாளி வையுங்கள், தண்ணீர் வாளி தீக்கு உதவாது. இளக்குவதற்கு மண்ணெண்ணெய் கலக்கிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாதக்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும், துணியெல்லாம் பாழ்.

தாரிலும் வகை உண்டு. சாலைக்குப் போடும் வி.ஜி. 30 தார் 47 டிகிரிக்கு மேல் இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் கருப்புப் பரப்பு அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டும். கூரை ஒழுகலுக்குப் போடும் 85/25 வகை 80 டிகிரி வரை தாங்கும். விலை கூடுதல், ஆனால் வெயிலில் கிடக்கப்போகும் பரிசலுக்கு அதுதான் ஏற்றது. மாசி, பங்குனியில் இரண்டு நாள் நன்றாகக் காயவிட்டுப் பூசினால் கொப்புளம் வராது.

ஃபைபர் பரிசலோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். தேங்கிய நீருக்கு மட்டும் என்றால் ஃபைபர் நல்லது. உளுக்காது, தார் வேண்டாம். பாறை உள்ள ஆற்றில் மூங்கில் வளைந்து கொடுத்துத் தப்பிக்கும், ஃபைபர் விரிசல் விடும். விரிசலை ஒட்ட ரெசின் பசையும் கண்ணாடியிழைப் பாயும் தேடி ஊருக்குப் போக வேண்டும். மூங்கிலுக்குச் சாக்கும் தாரும் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.

மதிப்பெண் போடச் சொன்னால்: பின்நீரில் மீன்பிடித்த, இரண்டு உறைக்குள்ளான பரிசலுக்குப் பத்துக்கு எட்டு. புதியதன் விலையில் பாதி வரை கொடுக்கலாம். மூன்றாவது உறை கண்டதற்கு ஐந்து, கால் விலைக்கு மேல் வேண்டாம். அருவித் துறையில் ஓய்ந்ததற்குத் தண்ணீரில் இரண்டு, முற்றத்தில் ஒன்பது. தாரைச் சுரண்டிவிட்டு உள்பின்னலைத் துடைத்து வைத்தால் அதைவிட அழகான கைவேலை இந்த மாவட்டத்தில் குறைவு. ஒன்றை மறக்க வேண்டாம்: ஒகேனக்கலில் ஆட்களை ஏற்றி ஓட்ட உரிமம் பெற்றவர்களுக்கு மட்டுமே அனுமதி. சொந்தக் குட்டையில் ஓட்டினாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்ற வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுபோவதில் ஒரு சிக்கல். டாடா ஏஸ் வண்டியின் பின்பெட்டி ஐந்தடிக்கும் குறைவான அகலம், ஏழடிப் பரிசல் படுக்காது. செங்குத்தாகச் சாய்த்து, அடியில் பழைய டயர் ஒன்றை வைத்து, கயிற்றை விளிம்பில் மட்டும் போட்டுக் கட்டுங்கள். உறைமேல் கயிறு இறுகினால் பென்னாகரம் வருவதற்குள் சாக்கு அறுந்துவிடும். காற்று பிடிக்கும் என்பதால் மெதுவாகத்தான் ஓட்ட முடியும். காட்டுச் சாலையில் யானை நடமாட்டம் இருப்பதால் பொழுதோடு கிளம்பிவிடுவது நல்லது. இறக்கியதும் நிழலில், நான்கு செங்கல்மேல், கவிழ்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் மழைநீர் தேங்கி அடி அழுகும், மண்மேல் வைத்தால் ஒரே மாதத்தில் கரையான் விளிம்பேறிவிடும்.